சில்லு வைத்த கறிவேப்பிலை

காலை பத்து மணிக்கு அன்புராசா வந்தார். பத்தேகாலுக்குள் மூன்று முறை "மானம்" என்றார்.

மக்டலீன் குறிப்புப் புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். இரண்டு வருடமாகச் சொந்தத் துப்பறியும் தொழில். கனடாவில் ஸ்காபரோ பிளாசா ஒன்றின் மாடியில் ஒரு அறை. கீழே ரேக்கவுட் சாப்பாட்டுக் கடை. வந்தவர்கள் அழுதாலும் சிரித்தாலும் ரோல்ஸ் பொரியும் வாசம் ஒன்றுதான்.

"படத்தைக் காட்டுங்கோ அண்ணை," என்றாள்.

அன்புராசா பையிலிருந்து பெரிதாக்கிய படமொன்றை எடுத்தார். சட்டம் போட்டிருந்தது. சீமெந்துச் சுவரில் பதித்த ஒரு கருங்கல் பலகை. கல் முழுக்கத் தமிழில் பெயர்கள். மேலே மாலை. கீழே குத்துவிளக்கு.

"எங்கட நீர்க்கரம் சங்கம். லாவோஸில குழாய்க் கிணறு அடிக்கிறம். இது முதல் கிணறு. அறுபத்திரண்டு பேரின்ர உபயம்."

"ஏன் லாவோஸ்?" என்று றொய்சன் கேட்டான். மக்டலீனின் உதவியாளன். ஒன்பது வருடம் பழுதான கார்களை இழுத்துப் போகும் லொறி ஓட்டியவன். இப்போது பழுதான கதைகளை இழுக்கிறான். அது அவனே சொல்வது.

"சண்டை முடிஞ்சு அம்பது வருசம். இன்னும் மண்ணுக்குள்ள குண்டு கிடக்கு. கிணறு வெட்டப் பயந்து சனம் ஆத்துத் தண்ணி குடிக்குது. உது எங்களுக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?"

றொய்சன் பகிடி விடாமல் தலையாட்டினான். அது அபூர்வம்.

சிக்கல் இதுதான். ஒட்டாவாவில் உள்ள ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு இன்னும் ஆறு ஊர்களில் கிணறு அடிக்க உதவ ஒப்புக்கொண்டிருந்தது. முதல் கிணறு உண்மையில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அமைப்பின் அதிகாரி ஸ்டெபனி இன்று மூன்று மணிக்கு மார்க்கம் நகரில் உள்ள சங்க அலுவலகத்துக்கு வருகிறாள். இந்தப் படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று அவளிடமிருந்து இரண்டு வரி வந்தது.

பெயர்க்கல்லின் படம் கிடைத்தது. கிணறு எங்கே?

"பாத்தியளே?" என்றார் அன்புராசா. "அறுபத்திரண்டு பேருக்கும் இதே படம்தான் அனுப்பினன். ஒருத்தரும் உப்பிடிக் கேக்கேல்லை."

"ஸ்டெபனிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே?"

"தெரியாது. எங்கட தமிழ்ப் பிள்ளைதான். இங்க பிறந்தது."

"அதுதான் அண்ணை. அறுபத்திரண்டு பேரும் தங்கட பேரைத் தேடியிருப்பினம். அவ தண்ணியைத் தேடியிருக்கிறா."

அன்புராசா படத்தைத் திரும்பப் பார்த்தார். முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"படம் எடுத்தது ஆர்?"

"தனுசியா. எங்கட திட்ட அலுவலர். ஏப்ரலில திறப்புவிழாவுக்கு லாவோஸ் போனவ. அங்கயிருந்தும் ஒரு படமும் அனுப்பேல்லை, வந்தும் தரேல்லை. நான் ஒவ்வொரு நாளும் கேட்டன். கல்லில்லாமல் ஒண்டும் ஒட்டாவாக்கு அனுப்ப மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். கடைசியில ஓகஸ்ட்டில இதைத் தந்தா. இண்டைக்குச் சுகமில்லையாம். போன் நிப்பாட்டி வைச்சிருக்கிறா." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ பொய் சொல்லியிருந்தால் மூண்டு மணிக்கு முதல் எனக்குத் தெரியோணும். நானே ஸ்டெபனியிட்டச் சொல்லுவன். ஆறு ஊர் போகும். போகட்டும். மானம்."

நான்காவது முறை.

றொய்சன் படத்தைத் தூக்கி யன்னலடியில் பிடித்தான். "அக்கா, உந்த மூலையில ஒரு சட்டி. கறிவேப்பிலை போல."

"லாவோஸிலயும் வளரும்," என்றார் அன்புராசா அவசரமாக. "வெயில் நாடு."

"சட்டிக்குக் கீழ பார்," என்றாள் மக்டலீன்.

சட்டிக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே சில்லுகள், சின்னச் சக்கரங்கள். இரண்டு தெரிந்தன.

"வெயில் நாட்டில கறிவேப்பிலைக்குச் சில்லு எதுக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரி பிடுங்க வந்தால் ஓடுறதுக்கு," என்றான் றொய்சன்.

"குளிர் வர உள்ளுக்கு உருட்டுறதுக்கு. உது ஒக்ரோபரில வீட்டுக்குள்ள போற மரம். உது கனடாச் சுவர்."

அன்புராசா கதிரையில் இருந்தார். ஏற்கெனவே இருந்தவர்தான். இன்னும் கொஞ்சம் இருந்தார்.

"ஆனால் அக்கா, சில்லு வைச்ச கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீடு இங்க இருக்கே? உதை வைச்சுத் தேடினால் எங்கட அம்மாவையும் பிடிக்க வேண்டி வரும்."

மக்டலீன் பூதக்கண்ணாடியை எடுத்தாள். பெயர்களை மேலிருந்து வாசித்தாள். முதல் பெயர் அன்புராசா, தலைவர். மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிது. விரல் நாற்பத்தோராவது பெயரில் நின்றது.

அமரர் சூ. சீமோன்.

"சீமோன் அங்கிள் எப்ப செத்தவர்?"

"ஜூன். இரங்கலுரை நான்தான். முக்கால் மணித்தியாலம்."

"கல் எப்ப வெட்டினது?"

"மார்ச். பட்டியலை அனுப்பி லாவோஸிலேயே வெட்டுவிச்சம்."

"மார்ச்சில வெட்டின கல். ஏப்ரலில எடுத்த படம். ஜூனில செத்தவர் அதில அமரர்."

"அந்த ஊரில நல்லாச் சாத்திரம் சொல்லுறவர் இருக்கிறார் போல," என்றான் றொய்சன்.

அன்புராசா படத்தைத் தன் பக்கம் இழுத்தார். "சீமோனின்ர மகன் எனக்குப் போன் எடுத்து நன்றியெல்லோ சொன்னவர். அப்பாவுக்கு மறக்காமல் அமரர் போட்டதுக்கு."

"எல்லாப் பேரும் ஒரே கோட்டில தொடங்குது," என்றாள் மக்டலீன். "அமரர் எண்டது மட்டும் கோட்டுக்கு வெளியால. எழுத்தும் சின்னன். பட்டியலில அமரர் இருந்திருக்காது. கல் வெட்டினவர் தானா நெரிச்சுப் போட்டிருக்கிறார். சீமோன் அங்கிள் செத்தது தெரிஞ்ச ஒரு கல்வெட்டுக்காரர்."

"ஆர்?"

"அவற்ற கல்லறைக் கல்லை வெட்டினவர்."

அன்புராசா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. றொய்சன் எடுத்துக் கொடுத்தான். அடுத்த ஆறு கற்களுக்கான பட்டியல். அதே அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு வரி. முதல் வரியில் அன்புராசா, தலைவர். தடித்த எழுத்து.

"கிணறு இன்னும் இல்லை," என்றான் றொய்சன். "கல்லு ரெடி."

*

சீமோனின் கல்லறைக் கல்லை வெட்டிய கஜீவனின் பட்டறை கார் திருத்தும் கடைக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் சமையலறை மேசைக் கற்கள். நடுவில் வீட்டுப் பெயர்ப்பலகைகள். கடைசியில் கல்லறைக் கற்கள்.

"ஒரு மனிசன்ர முழு வாழ்க்கையும் உங்களிட்ட இருக்கு," என்றான் றொய்சன்.

கஜீவன் சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றினார். புருவத்தில் கல் தூசி.

மக்டலீன் படத்தைக் காட்டினாள். "உங்கட வேலைதானே?"

"ஓம். ஓகஸ்ட்டில வெட்டினது."

"அமரர் எண்டு போட்டது?"

"நான்தான். தந்த பட்டியலில வெறும் சீமோன். அதுக்கு முதல் மாதம்தான் அந்த மனிசன்ர கல்லறைக் கல்லை வெட்டி முடிச்சனான். இந்தப் பக்கம் அமரர், அந்தப் பக்கம் உயிரோட. என்ர கை வரேல்லை." அவர் தோளைக் குலுக்கினார். "நாலு எழுத்து. சும்மா போட்டன்."

"ஓடர் தந்தது ஆர்?"

"அதைச் சொல்ல மாட்டன். செத்தவையின்ர வேலை செய்யிறனான். வாய் திறந்தால் தொழில் போகும்."

மக்டலீன் றொய்சனைப் பார்த்தாள். றொய்சன் பெருமூச்சு விட்டான்.

"விடுங்கோ அக்கா. அண்ணை பாவம். பிழை விட்டது வெளியில தெரியக்கூடாது எண்டு பயப்பிடுறார்."

"என்ன பிழை?"

"கல்லில ஒரு எழுத்துப் பிழை. பெரிசா ஒண்டும் இல்லை. சனம் சிரிச்சுப்போட்டு விட்டிடும்."

"என்ர கல்லிலயோ?"

கஜீவன் ஓடினார். தடித்த கோப்பொன்றோடு வந்தார். ஓடர்த் தாளை மேசையில் விரித்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டார். முப்பதாவது பெயருக்கு வர முன்னர் மக்டலீன் தாளின் தலைப்பில் இருந்த விலாசத்தைத் தலைகீழாக வாசித்து முடித்துவிட்டாள். காப்புறுதி வேலை கற்றுத் தந்த ஒரே கலை அது.

"பிழை இல்லையே?" என்றார் கஜீவன் வியர்த்தபடி.

"இல்லை," என்றான் றொய்சன். "அருமையான வேலை. எனக்குத் தேவைப்படேக்க உங்களிட்டத்தான் வருவன்."

*

அந்த விலாசம் இருந்த ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போகும் வழியில் வயல் முடிந்து வீடு தொடங்கியது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே கராஜ். ஒரே கதவு.

"இங்க குடிச்சிட்டு வந்தால் வேற மனிசியோடதான் குடும்பம் நடத்த வேண்டி வரும்," என்றான் றொய்சன்.

"இலக்கத்தைப் பார்."

இலக்கத்துக்கு அவசியம் இருக்கவில்லை. பக்கவாட்டு வேலிக்கு மேலால் பின்வளவு தெரிந்தது. மேட்டைத் தாங்கும் சிறிய சீமெந்துச் சுவர். அருகில் கறிவேப்பிலை. நான்கு சில்லுகள். சுவரில் கருங்கல். அறுபத்திரண்டு பேர் ஸ்ரௌவ்வில் வெயிலில் மின்னினார்கள்.

கதவைத் தனுசியா திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"அன்புராசா அங்கிள் அனுப்பின ஆக்களா?"

"ஓம்."

"உள்ள வாங்க கா." அந்தக் 'கா' மட்டக்களப்புப் பேச்சு. "கல் பொய். கிணறு பொய் இல்ல."

றொய்சன் வாசலிலேயே நின்றான். "பொறுங்கோ. உலகத்தில எல்லாரும் கல்லை உண்மையா வைச்சுப்போட்டுக் கிணத்தைத்தான் பொய்யாக்குவினம்."

"தெரியும்."

"நீங்க தலைகீழா."

"அதுவும் தெரியும்."

அவள் போனை எடுத்தாள். ஏப்ரலில் எடுத்த வீடியோ.

சிவப்பு மண். ஒரு கைப்பம்பி. ஒரு பெண் பம்பியை அடிக்கிறாள். தண்ணீர் கொட்டுகிறது. சும்மா கொட்டவில்லை. பாய்கிறது. பின்னால் குடங்களோடு வரிசை. பம்பிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கருங்கல் பலகை சாய்ந்து கிடக்கிறது. மூன்று பெண்கள் அதன் மேல் உடுப்புத் தோய்க்கிறார்கள். சிரிக்கிறார்கள். கல்லில் எழுத்துகள். எழுத்துகளுக்குள் நுரை.

மக்டலீன் திரையைப் பெரிதாக்கினாள். இருபத்தாறாவது உபயகாரரின் மேல் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை.

"உது..." என்றான் றொய்சன்.

"ஓம். அந்தக் கல்தான். கல் மார்ச்சில வந்திற்று. பதிக்கிறத்துக்குச் சுவர் கட்டி முடியல்ல. பம்பிக்குப் பக்கத்தில கிடந்திரிக்கு. நான் போகக்குள்ள மூணு கிழமையாத் தோய்க்கிறாங்க."

"எடுத்துச் சுவரில வைக்கேலாதே?"

"கேட்டன். ஒரு அம்மா கேட்டா, தந்ததைத் திருப்பி எடுக்கப் போறீங்களா எண்டு. சனியாப் போன வாய். நான் இல்லை எண்டு சொல்லிற்றன்." அவள் மூக்கைத் துடைத்தாள். "பக்கத்து ஊரிலயும் ஒரு கல் இரிக்காம். வேற நாட்டுக்காரர்ர உதவி. இங்கிலிஸ் எழுத்து. எல்லாம் நேர்கோடாம், அழுக்குப் போகாதாம். எங்கட எழுத்தில வளைவு கூட. அந்த ஊர்ப் பொம்பிளைகளும் இங்கதான் வாறாங்க."

றொய்சன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

"இந்த வீடியோவை அன்புராசா அண்ணைக்குக் காட்டியிருக்கலாம்," என்றாள் மக்டலீன்.

"காட்டினா கல்லைப் பிடுங்கச் சொல்லுவார். அவரைத் தெரியாதா? கிணத்தை மட்டும் காட்டலாம் எண்டு பாத்தன். கல் பம்பிக்குக் கிட்ட. எந்தப் பக்கம் எடுத்தாலும் அவர்ர பேர் தெரியிது. அவ்வளவு பெரிய எழுத்து."

"அதுக்காக ஒரு பொய்க் கல்லே?"

தனுசியா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வீடு தந்தாங்க கா. ஒரு அறை. முன்சுவரில நாலு பலகை. நாலு நாட்டுப் பேர். கதவு இல்ல. அப்பா ஒரு பலகையைக் கழட்டிக் கதவாப் போட்டார். நல்ல பலகை. பிறகு படம் எடுக்க ஆக்கள் வந்தாங்க. எங்க எங்கட பலகை எண்டு கேட்டாங்க. கதவைக் கழட்டித் திருப்பிச் சுவரில அடிச்சு, எங்களைக் கீழ நிக்க வைச்சுப் படம் எடுத்திற்றுப் போனாங்க."

தெருவில் எங்கோ கராஜ் கதவு ஒன்று திறந்து மூடியது.

"அந்தப் படத்தில நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றாள் தனுசியா.

மக்டலீன் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றரை.

"செருப்பைப் போடுங்கோ. மார்க்கத்துக்குப் போறம்."

"அங்கிள் கல்லைப் பிடுங்குவார்."

"வீடியோ இல்லாட்டி ஆறு கிணறு இல்லை. வீடியோ இருந்தால் ஒரு கல் போகலாம். எது பெரிசு?"

தனுசியா செருப்பைத் தேடினாள்.

*

மூன்று மணிக்கு ஸ்டெபனி வந்தாள். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். தமிழ் விளங்கும், கதைக்கக் கொஞ்சம் வெட்கம் என்றாள்.

அன்புராசா கோட் போட்டிருந்தார். தனுசியாவைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கோ," என்றார் மக்டலீனிடம்.

"கிணறு இருக்கு. கல்லும் இருக்கு. சுவரில இல்லை."

தனுசியா முன்னால் வந்தாள். "நான் தந்த படம் லாவோஸில எடுத்தது இல்ல. எங்கட வீட்டுப் பின்வளவு. பிழை என்ர. இது உண்மையான வீடியோ."

பெரிய திரையில் தண்ணீர் பாய்ந்தது.

ஸ்டெபனி முன்னால் சாய்ந்தாள். பம்பியை எண்ணவில்லை, குடங்களை எண்ணினாள். பிறகு கல்லைப் பார்த்தாள்.

"வாவ். அது வாஷிங் ஸ்டோனா? எங்கட வேற ப்ராஜெக்ட் ஒண்டிலயும் இதை யோசிக்கவே இல்லை. கோடு கோடா வெட்டியிருக்கு. சூப்பர் டிசைன். ஆர் செய்தது?"

றொய்சன் கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை.

அன்புராசா திரைக்குக் கிட்டப் போனார். அறுபத்திரண்டு பெயர்களையும் கண்ணால் மேய்ந்தார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். முகம் சிவந்தது. தனுசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது கோடு இல்லை பிள்ளை," என்றார் அன்புராசா. "எங்கட பேர்."

ஸ்டெபனி திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைக் கையால் மூடினாள். கை போதவில்லை. சிரிப்பு விரலிடுக்கால் வந்தது. மன்னிப்புக் கேட்டாள். திரும்பவும் சிரித்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். பொய்ப் படத்தைப் பற்றி அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றாள். கிணறு இருப்பதையும் எழுதுவாள். ஆறு ஊருக்கும் தடை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும்.

"இனிமேல் படத்தில தண்ணி இருக்கோணும். கல் இருந்தாலும் ஓகே. இல்லாட்டியும் ஓகே."

அவள் போனபின்னும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அன்புராசா அதை மூன்று முறை பார்த்தார்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார். தனுசியா நிறுத்தினாள். "மேல, என்ர பேரில, உது என்ன வைச்சிருக்கினம்?"

"சவுக்காரம் அங்கிள்."

"தோய்க்கிறேல்லையோ?"

"மேல கை எட்டாது. அங்க சவுக்காரம் வைக்கிறதுதான்."

"அப்ப தோய்க்கிறது?"

"நடுவில. இருபதில இரிந்து நாப்பது வரைக்கும்."

"சீமோன்?"

"நாப்பத்தொண்டு. விளிம்பு. ஆனா அவரிலயும் காலுறை தோய்ப்பாங்க."

அன்புராசா தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டினார்.

"கல்லை எடுக்கச் சொல்லப் போறீங்களா அங்கிள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். ஆறு கற்களுக்கான பட்டியல். பேனாவைத் திறந்தார். முதல் வரியில் இருந்த தன் பெயரை ஒரே கோட்டால் வெட்டினார்.

றொய்சன் மக்டலீனின் காதுக்குள் சொன்னான். "அக்கா, மனிசன் திருந்திட்டார்."

அன்புராசா பேனா முனையால் வரிகளை எண்ணிக்கொண்டு கீழே போனார். நடுவில், முப்பத்தோராவது வரிக்கு மேலே நிறுத்தினார். அங்கே இடம் இருக்கவில்லை. தன் பெயரை நெரித்து எழுதினார்.

"இந்தா பிள்ளை," என்று தாளைத் தனுசியாவிடம் நீட்டினார். "இதை அனுப்பு. கல் வெட்டுறவையிட்டச் சொல்லு. என்ர பேரை மற்றவையின்ரயை விடக் கொஞ்சம் ஆழமா வெட்டட்டாம்."